டீச்சர் வாசித்த பக்கம்

பையிலிருந்து அந்த அட்டை எட்டிப் பார்க்கிறது. பச்சை அட்டை, மூலையில் ஒரு கிளியின் வால் மட்டும். இந்த மாதத்துப் புத்தகம்தான். நல்லவேளை, ரெண்டாவது ஊசியும் உள்ளே போன பிறகுதான் பார்த்தேன், முன்னாலேயே பார்த்திருந்தால் ஞானமுத்து சாருடைய கையில் வேண்டாத இன்னொரு ஓட்டை விழுந்திருக்கும். பிளாஸ்டரை ஒட்டுகிறேன், குழாயை மெஷினில் மாட்டுகிறேன், பம்ப் சுற்ற ஆரம்பிக்கிறது, சிவப்பு ஏறி வருகிறது, எல்லாம் கை தானாகச் செய்கிறது, பதினோரு வருஷமாக டயாலிசிஸ் பார்க்கிற கை. கண் மட்டும் பையில். வயர் பை, அதில் சாப்பாட்டு டப்பா, சாருக்குப் போர்த்துகிற நீலப் போர்வை, ரெண்டுக்கும் நடுவில் நான். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், என் கதைக்கு மேலே, பேராட்சிச்செல்வி என்று முழுப் பெயரோடு நான். வேறு பேர் வச்சு எழுதேன் என்று வீட்டில் அவர் சொன்னார், கேட்டேனா, பெயரை அச்சில் பார்க்கிற ஆசை. சாருடைய வீட்டம்மா, கிருபாவதி டீச்சர், அதை வாங்கியிருக்கிறார்கள். வாங்கிவிட்டு வாசிக்காமலா இருப்பார்கள், முப்பத்திரண்டு வருஷம் தமிழ் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிப்பதும் அவர்கள்தான், ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸில்கூட ஒற்றுப்பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள். ஒருவேளை வேறு ஏதாவது பக்கத்துக்காக வாங்கியிருக்கலாம். கோலம், சமையல். அந்தப் புத்தகத்தில் சமையல் கிடையாதே. "என்னம்மா செல்வி, இப்படி வேர்த்திருக்கு, ஏசி ஓடலியா?" என்கிறார் சார். ஓடுது சார் என்கிறேன். மணி ஆறு ஐம்பது. நாலு மணி நேரம். பத்து ஐம்பது வரைக்கும் அவர் இந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது, நானும் இந்த ஹாலை விட்டுப் போக முடியாது. எட்டு மெஷினில் முதல் மூன்று என் பொறுப்பு, ஜன்னலோரத்து மூணாம் நம்பர் சாருடையது. செவ்வாய், வியாழன், சனி, ரெண்டு வருஷமாக. தன்னை வேறு எந்த மெஷினிலும் போட விடமாட்டார். "செல்வி கைதான் வேணும், வலியே தெரியாது" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சொல்லாதீங்க சார் என்று ஒருநாளாவது சொன்னேனா.

அரை மணிக்கு ஒருதடவை பிரஷர் பார்த்து ஷீட்டில் எழுத வேண்டும். அந்த ஒரு அரை மணிக்கும் அடுத்த அரை மணிக்கும் நடுவில் கிடக்கிற நேரத்தில்தான் நான் கெட்டுப்போனேன். முதலில் விடியற்காலம் மட்டும்தான் எழுதினேன். நாலே காலுக்கு எழுந்து அடுப்படி மேடையில் நோட்டை வைத்து, நின்றுகொண்டே, ஐந்தே கால் வரைக்கும். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். அப்புறம் இட்லி, அபிநயாவுக்குச் சடை, ஆறு மணி பஸ். ஒரு மணி நேரத்தில் ஒரு கதை எங்கே முடியும், அது பாதியில் நின்றுகொண்டு பஸ்ஸில் கூடவே வரும், கை கழுவும்போது வரும், ஊசி போடும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கும். அதனால் ஷீட்டுக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் வைக்கப் பழகினேன். பார்க்கிறவர்களுக்கு நான் ரீடிங் எழுதுகிற மாதிரி இருக்கும். போன மாதம் இங்கே மேல்மாடி டாக்டரிடம் தலைவலி என்று போனேன், கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நூத்தி அறுபத்தெட்டு, நூத்திப் பத்து. ஏம்மா, டயாலிசிஸ்ல வேலை பார்க்கிற நீ இப்படி வச்சுக்கிட்டுத் திரியலாமா?" என்றார். எத்தனை மணி நேரம் தூங்குறே என்றார். ஏழு என்றேன். உண்மையில் நாலரை. ஏதாவது ஒண்ணைக் குறைச்சுக்கோ என்றார். எதை. சம்பளத்தையா, பிள்ளையையா. மாத்திரை எழுதித் தந்தார், அதைப் போட்டால் காலையில் எழுந்திருக்க முடியவில்லை, அசத்துகிறது, அதனால் விட்டுவிட்டேன். மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா, மாத்திரையை விட்டவர்கள்தானே இங்கே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் கண்டிப்பாகச் சொல்லுகிறேனே, உப்பைக் குறைங்க, நேரத்துக்குத் தூங்குங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க. எந்த வாயால் சொல்லுகிறேன். அபிநயா இப்போதெல்லாம் அம்மா என்று கூப்பிடுவதில்லை, வந்து தோளைத் தொடுகிறாள். அவள் சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தபோது அவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "கூப்பிட்டா கேக்காதுடி எங்கம்மாவுக்கு. தொடணும்." வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. குழாயில் தண்ணி எந்த நேரத்தில் வரும் என்று சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

ஏழு இருபது. நூற்று நாற்பது, எண்பது. எழுதுகிறேன். இன்று ஷீட்டுக்கு அடியில் தாள் வைக்கவில்லை. டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து சாருக்குப் போர்வையைச் சரிசெய்கிறார்கள், பையைத் தொடவில்லை. வாசித்தே இருந்தாலும் எப்படித் தெரியும். நான் டிராயிங் மாஸ்டரான சாரைத் தையல்காரர் ஆக்கியிருக்கிறேன், சுடலைமுத்து என்று பேர் வைத்திருக்கிறேன், அவருடைய ஊர் சாயர்புரத்தைத் தூக்கிச் சங்கரன்கோவிலில் வைத்திருக்கிறேன், வேதக்காரர்களை விபூதி பூசுகிறவர்களாக மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்த பிளாஸ்க். அதை மாற்றவில்லை. மாற்ற மனசு வரவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை அது. சாருக்கு எட்டு ஐம்பது ரீடிங் பார்க்க வேண்டும், நான் மேஜையில் வேறொரு கதையில் இருந்தேன், நிமிர்ந்தபோது மணி ஒன்பது பத்து. இருபது நிமிஷம். போய்ப் பார்த்தால் முகம் வெளுத்து, உடம்பெல்லாம் நனைந்து, கண் மேலே போயிருக்கிறது. எழுபது, நாற்பது. மெஷின் உடம்பிலிருந்து தண்ணி எடுக்கிறதை நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, சலைனைத் திறந்துவிட்டேன். அன்று டீச்சர் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார்கள். கண் திறந்ததும் சார் யாரிடமோ பேசுகிற மாதிரி என்னிடம் பேசினார். "டீ வாங்கிட்டு வாரேன்னு பிளாஸ்க்கை எடுத்துட்டுப் போனான். எனக்குச் சவரம் பண்ணிவிட்டான், கன்னத்தைத் துடைச்சுவிட்டான், போனான். விடிஞ்சா ஆப்பரேசன். வரவே இல்ல. டாக்டர் பொருந்தலன்னுட்டார்னு கிருபைகிட்ட சொல்லிட்டேன். அவகிட்ட சொல்லிராதே. பெத்தவ, தாங்கமாட்டா." மூத்த மகன் ஜெபசிங், சிறுநீரகம் தருகிறேன் என்று வந்தவன். எல்லாம் பொருந்தியிருந்ததாம். கொஞ்ச நேரம் கழித்து நிதானத்துக்கு வந்து, "ஏதாவது உளறினேனாம்மா?" என்றார். இல்ல சார், ஒண்ணும் சொல்லல என்றேன். டீச்சர் மேலே வந்து விஷயம் தெரிந்து என் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஷீட்டில் எட்டு ஐம்பதுக்கு நேராக நூற்றுப் பத்து, எழுபது என்று எழுதினேன். பார்க்காத பிரஷரை எழுதினேன். அன்று பஸ்ஸில் போகும்போதே முதல் வரி வந்துவிட்டது. இன்னும் ஒன்று இருக்கிறது அந்தக் காலையில். அதை நினைக்க மாட்டேன். ஏழு ஐம்பது எப்போது வரும்.

"செல்வி, இங்க வாயேன்." டீச்சர் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். மடியில் விரித்து வைத்திருக்கிறார்கள். "இது நீதானே? இந்தப் பேர்ல இந்தப் பக்கம் வேற யாரும் இருக்க முடியாது." ஆமா டீச்சர். "பாருங்க, நம்ம செல்வி கதை எழுதியிருக்கா. ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை சொன்னாளா பாருங்க." சார் தலையணையில் தலையை உயர்த்துகிறார், அந்த முகம் முழுக்கச் சந்தோஷம். "ஏ அப்பா, எழுத்தாளரா! கைராசி எழுத்திலயும் இருக்கும். வாசி கிருபை, கேப்போம்." வேண்டாம் டீச்சர், நேரமாகும், சார் தூங்கட்டும், என்கிறேன். "நாலு மணி நேரமும் மேலதான் பாத்துக்கிட்டு இருக்கேன், நீ எழுதினதைக் கேக்க எனக்கு நேரமில்லையா?" என்கிறார் சார். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார்கள். பக்கத்தைத் தேடவில்லை, விரித்தவுடன் அந்தப் பக்கமே வருகிறது, அப்படியென்றால் ஏற்கெனவே விரித்த பக்கம், பலதடவை விரித்த பக்கம்.

வாசிக்கிறார்கள். நான் எழுதினது அந்தக் குரலில் வேறாக இருக்கிறது, அடுப்படியில் நின்றுகொண்டு வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்த வரிகள், அதெல்லாம் சத்தமாக, நிறுத்தி நிதானமாக, ஆஸ்பத்திரி ஹாலில். ரெண்டாம் நம்பர் மெஷின்காரரும் தலையைத் திருப்பிக் கேட்கிறார். தையல்காரர் சுடலைமுத்துவுக்கு உடம்பு வீங்குகிறது, சார் உம் கொட்டுகிறார். மகன் கணேசன் திருப்பூரிலிருந்து வருகிறான், நான் தாரேம்ப்பா என்கிறான். சார் உம் கொட்டவில்லை. நான் மெஷினின் எண்களைப் பார்க்கிறேன், எதையாவது பார்க்க வேண்டும். ஆப்பரேசனுக்கு முதல்நாள் சாயங்காலம் கணேசன் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுகிறான். இன்னும் நாலு வரியில் பிளாஸ்க். குழாயை லேசாக மடித்தால் போதும், அலாரம் அடிக்கும், எல்லாரும் திரும்புவார்கள், வாசிப்பு நிற்கும். என் விரல் குழாய்வரை போய்விட்டது. கதைக்காக அவரை ஒருதடவை விட்டேன், கதைக்காக இன்னொருதடவையா, விரலை எடுத்தேன். 'ஒரு டீ வாங்கிட்டு வாரேம்ப்பா என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனான்.' சார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் வேட்டி அவிழ்ந்துவிட்ட மனுஷன் சுற்றிலும் யார் பார்த்தார்கள் என்று பார்ப்பாரே, அப்படி. அப்புறம் மெதுவாக டீச்சர் பக்கம். டீச்சர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஏழு ஐம்பது. கைப்பட்டையைச் சுற்றி அமுக்குகிறேன். நூற்று எண்பது, நூறு. எழுதுகிறேன், உள்ளபடியே எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் சுடலைமுத்து மனைவியிடம் டாக்டர் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார் என்கிறார், அவள் அப்படியா என்று கேட்டுவிட்டுத் துணியை மடிக்கிறாள். அங்கே முடிகிறது. என் கதை அவ்வளவுதான். மனைவிக்குப் பூரணம் என்று பேர், மொத்தம் மூன்று வரி கொடுத்திருந்தேன், ஒன்றும் தெரியாதவள், துணி மடிக்கிறவள். முடிந்தது, இனி மூடுவார்கள், ஏதாவது சொல்லுவார்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார்கள், எது வந்தாலும் வரட்டும் என்று நிற்கிறேன். டீச்சர் பக்கத்தைத் திருப்புகிறார்கள். அடுத்த பக்கத்தில் முடி வளர்கிற எண்ணெய் விளம்பரம், நான் நிற்கிற இடத்திலிருந்து நன்றாகத் தெரிகிறது, கூந்தலை முன்னால் போட்ட ஒரு பெண். அதைப் பார்த்தபடியே, அதே குரலில், டீச்சர் வாசிக்கிறார்கள். 'பூரணத்துக்கு அன்று சாயங்காலமே தெரியும். மாற்றுத்துணி எடுக்க அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஐந்தரை மணி பஸ்ஸில் கணேசன் வந்து இறங்கினான். கையில் காலி பிளாஸ்க். அம்மா எனக்குப் பயமா இருக்கும்மா என்றான். மீசை வைத்த பிள்ளை, வாசப்படியில் உட்கார்ந்து அழுதான். அவள் ஏசவில்லை. சோறு போட்டாள். தின்று முடித்ததும் போய்யா, நான் பார்த்துக்கிடுதேன் என்று பஸ் ஏற்றிவிட்டாள். அவன் ஓடவில்லை. அவள்தான் அனுப்பினாள்.' இது என் கதை இல்லை. ஹாலில் எனக்கும் டீச்சருக்கும் மட்டும் தெரியும், இது எந்தக் கதையிலும் இல்லை. 'காலையில் அவர் பொருந்தவில்லை என்றார். பிள்ளையைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்த மனுஷன் அவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்லும்போது, எனக்குத் தெரியும் என்று நான் எப்படிச் சொல்லுவேன்.' நான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் என்று வந்திருக்க வேண்டும். நோட்டீஸில் ஒற்றுப்பிழை திருத்துகிற டீச்சர் இதைத் திருத்தவில்லை. புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

சார் ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்புறம், ஜன்னலைப் பார்த்தபடியே, "அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கானாம்?" என்றார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுதானாம். அப்பா சாப்பிட்டாங்களான்னு கேக்கானாம். அப்பாகிட்ட குடுக்கேன்னா மட்டும் வச்சிருதானாம்," என்றார்கள் டீச்சர். சார் ஊசி இல்லாத கையைப் போர்வைக்கு வெளியே நீட்டினார், டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பார்க்கக் கூடாது என்று திரும்பினேன், திரும்பும்போதுதான் கவனித்தேன், என் கை கோட்டுப் பைக்குள் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறது. காலி பிளாஸ்க். மீசை வைத்த பிள்ளை. தின்று முடித்ததும். மறந்துவிடுவதற்குள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று என் கைக்கு அவசரம். ஐயோ என்று இருந்தது. இந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பேன். முதலாம் நம்பரில் அலாரம் அடித்தது, ஓடினேன், நன்றியோடு ஓடினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு அரை மணிக்கும் நிமிஷம் தவறாமல் போய்ப் பிரஷர் பார்த்தேன். நூற்று அறுபது. நூற்று ஐம்பது. நூற்று நாற்பது. டீச்சர் ஒருதடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள், பரீட்சை ஹாலில் துண்டுச்சீட்டோடு பிடிபட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை, ஆனால் எழுதவிட்டுவிட்ட பார்வை.

பத்து ஐம்பது. ரத்தத்தை உள்ளே திருப்பிவிட்டு ஊசிகளை எடுக்கிறேன். எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பத்துப் பதினைந்து நிமிஷம், விட்டால் பீச்சிவிடும். பிடித்துக்கொண்டு குனிந்தே நிற்கிறேன். "தப்புதான் சார், மன்னிச்சிருங்க" என்கிறேன். சார் டீச்சரைப் பார்த்துச் சொல்லுகிறார்: "அன்னைக்கு இந்தப் பிள்ளை ஓடி வரலைன்னா நான் இல்ல. உசிரைக் குடுத்தவ ஒரு கதையை எடுத்துக்கிட்டா என்ன. எடுத்துக்கிடட்டும்." சொல்லி என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார். தலையை ஆட்டிவிட்டால் போதும். இத்தனை நாள் வாங்கிக்கொண்டதைப் போல இதையும் வாங்கிக்கொண்டு போய்விடலாம், கூலியாகக் கதையும் கிடைத்தாகிவிட்டது. நான் ஓடி வரல சார், என்கிறேன். "என்னம்மா?" அன்னைக்கு எட்டு ஐம்பதுக்கு நான் வரணும். வரல. மேஜையில உக்காந்து எழுதிக்கிட்டிருந்தேன். இருபது நிமிஷம் கழிச்சுத்தான் வந்தேன். ஷீட்டுல பொய்யா எழுதினேன். டீச்சருடைய கை போர்வை மடிப்பதை நிறுத்தியது. சார் நெற்றியைச் சுருக்கி எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிறார். "நான் உன்னைக் கூப்பிட்டேனே," என்றார், "கூப்பிட்டேனா, இல்ல கூப்பிட்டதா நினைச்சேனா? அதை ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன்." கூப்பிட்டீங்க. "உனக்குக் கேக்கலியா?"

கேட்டுச்சு சார். செல்வி, என்னவோ செய்யுதும்மான்னு சொன்னீங்க. இந்த ஒரு வரியை முடிச்சுட்டுப் போவோம்னு இருந்துட்டேன்.

சொல்லிவிட்டேன். அவர் என்னையே பார்க்கிறார். சிரிப்பு எந்த நிமிஷத்தில் போனது என்று தெரியவில்லை. என் பெருவிரலுக்கு அடியில் அவருடைய ரத்தம் விர்ரென்று ஓடுகிறது, தேனீ மாதிரி. "பெரிய சிஸ்டர்கிட்ட சொன்னியா?" இல்ல சார். "சொல்லு." சொல்லுதேன் சார், இப்பவே சொல்லுதேன். "செவ்வாய்க்கிழமை எனக்கு வேற யாரையாவது போடச் சொல்லும்மா." சத்தம் போடாமல், இன்னொரு தலையணை கேட்கிற மாதிரி கேட்டார். சரி சார் என்றேன், உடனே கையை எடுக்கப் போனேன், இனி இந்தக் கையைத் தொட எனக்கு என்ன உரிமை என்று. பஞ்சின் ஓரத்தில் சிவப்பு கசிந்தது. டீச்சர் சட்டென்று என் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினார்கள். "எடுக்காதே," என்றார்கள், என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் நிக்கலே. நின்ன பிறகு போ."